கட்டமா, சுருளா, வண்டியா? பழைய புறநகர் ரயில் போர்டுகளைப் பட்டியலிடும் சிக்கல்

புறநகர் மின்ரயிலின் நெற்றியில் இருந்து கழற்றிய துணிச்சுருள் ஒன்று மேசைமேல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரித்தால் பல மீட்டர் நீளும். ஊர்ப்பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். நடுநடுவே ‘சிறப்பு வண்டி’, ‘பயணிகளுக்கு அன்று’ போன்ற வாசகங்கள். எதுவுமே எழுதாத வெற்றுக் கட்டம் ஒன்றிரண்டும் இருக்கலாம். வண்டி ஓடிய நாளில் நடைமேடையில் நின்றவர்கள் கண்டது ஒரு நேரத்தில் ஒரு பெயரைத்தான். சுருள் முழுவதையும் பார்த்தவர்கள் பணிமனைக்காரர்கள் மட்டும். இப்போது அருங்காட்சியகப் பதிவேட்டில் ஒரு வரி எழுதியாக வேண்டும்: பொருளின் பெயர் என்ன? எண்ணிக்கை எத்தனை?

ஒன்று என்று எழுதுவோரும் உண்டு, முப்பது என்று எழுதுவோரும் உண்டு. எண்ணிக்கையே போடக் கூடாது, அது இன்ன பெட்டியின் உதிரிபாகம் என்று எழுதினால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். சேகரிப்பாளர், அருங்காட்சியகர், ஆவணக் காப்பாளர், ரயில் ஆர்வலர் எனப் பல திசைகளிலிருந்து வந்த இந்த விடைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று கவனிக்காமலே வளர்ந்தவை. அவற்றின் பிறப்பையும் பலவீனத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. சான்றுகள் பெரும்பாலும் நியூயார்க், பிரிட்டன், ஜப்பான் ஆகிய மூன்று இடங்களிலிருந்து வருகின்றன; சென்னையும் மும்பையும் ஓரிடத்தில் உள்ளே வரும்.

போர்டு என்பது ஒரே சாதி அல்ல

குழப்பத்தில் பாதி, எல்லாவற்றையும் ‘போர்டு’ என்ற ஒரே சொல்லில் அடக்குவதால் வருகிறது. நியூயார்க்கில் 1904 அக்டோபர் 27 அன்று சுரங்க ரயிலைத் தொடங்கிய ஐஆர்டி நிறுவனம், பெட்டியின் பக்க ஜன்னலில் இரும்புத் தகடுகளைச் செருகி வைத்தது. நகர நிர்வாகமே 1932-ல் திறந்த ஐஎன்டி தடத்துக்காகக் கட்டிய ஆர்-1 வகைப் பெட்டிகள் சுருளோடு வந்தன. தகட்டில் ஓர் ஊர் இருக்கும். சுருளில் ஓர் ஊர்வரிசையே இருக்கும். இரண்டையும் ஒரே படிவத்தில் பதிய முயன்றால் ஏதாவது ஒன்று நசுங்கும்.

மூன்றாவது வகையில் ஊரின் பெயரே கிடையாது. லண்டனின் தென்மேற்குப் புறநகரில் 1915-ல் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் நிறுவனம் வண்டியின் முகப்பில் தனி எழுத்துகளை மாட்டியது. ‘எச்’ என்றிருந்தால் ஹாம்ப்டன் கோர்ட். பிற்காலத்தில் பிரிட்டிஷ் ரயில்வேயின் தெற்கு வட்டார மின்வண்டிகள் எழுத்துகளை விட்டு இரண்டு இலக்க எண்ணைச் சுருளில் காட்டின. எண்ணைப் பார்த்து வழியைச் சொல்ல சிக்னல்காரருக்கும் தினசரிப் பயணிக்கும் தெரியும். வெளியூர்க்காரருக்கு அது வெறும் எண். இந்தச் சுருள் இன்று ஒரு சேகரிப்பாளர் கைக்கு வரும்போது அவரும் அந்த வெளியூர்க்காரர் நிலையில்தான் இருக்கிறார். குறியீட்டு அட்டவணை கூடவே வராத வரை, அதில் எழுதியிருப்பது அனைத்தையும் பிழையின்றிப் படியெடுத்தாலும் எதுவும் பதிவானதாக ஆகாது.

ஜப்பானில் தகடும் சுருளும் வெவ்வேறு பெயரோடு வாழ்கின்றன. பெட்டியின் பக்கத்தில் மாட்டும் பலகை ‘சபோ’. அது ‘சைடு போர்டு’ என்பதன் சுருக்கம் என்பார் ஒருவர், ‘சர்வீஸ் போர்டு’ என்பார் மற்றொருவர்; வழக்கு இன்னும் தீரவில்லை. சுருளுக்கு ‘ஹோகோமகு’, அதாவது திசைத்திரை என்று பெயர். சபோவில் கவனிக்க வேண்டியது ஊர்ப்பெயரைக் காட்டிலும் அதன் மூலையில் இருக்கும் சிறு குறி. பலகை எந்த நிலையத்துக்கு அல்லது எந்தப் பணிமனைக்குச் சொந்தம் என்பதை ஓரிரு எழுத்துச் சுருக்கமாக அங்கே எழுதிவைத்தார்கள். பல பலகைகள் இருபுறமும் எழுதப்பட்டவை: போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது திருப்பிப் போட்டால் மறுபக்கம். ஒரே பக்கத்தைப் படமெடுத்துப் பட்டியலில் ஏற்றுகிறவர் பாதி வண்டியை மட்டுமே பதிந்திருக்கிறார்.

ஊரின் பெயரே பொருளின் பெயர்

முதல் நிலைப்பாடு சேகரிப்பாளர்களுடையது. பழையது, பலமானது, சந்தையின் ஆதரவு பெற்றது. இதன் வேர் 1960களின் பிரிட்டனில் இருக்கிறது. 1963 மார்ச்சில் வெளியான பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து நிலையங்களும் கிளைத்தடங்களும் வரிசையாக மூடப்பட்டன. 1968 ஆகஸ்டில் முதன்மைத் தடங்களில் நீராவி எஞ்சின் ஓய்ந்தது. பெயர்ப்பலகைகள், விளக்குகள், எஞ்சின் எண்தகடுகள் எல்லாம் குவியலாக விற்பனைக்கு வந்தன. பிரிட்டிஷ் ரயில்வே லண்டன் யூஸ்டன் நிலையத்தருகே இதற்கென்றே ஒரு கடை நடத்தியது. ‘ரெயில்வேயானா’ என்ற ஏல மரபு வளர்ந்த பின்னணி இதுதான்.

ஏலப் பட்டியலின் வரி நமக்குத் தெரிந்த வடிவம்: ஊர், பொருள், அளவு, நிலை. எனாமல் நிலையப் பலகைக்கு இது கச்சிதம். அந்தப் பலகை ஓர் ஊருக்காகச் செய்யப்பட்டு, அந்த ஊரிலேயே நின்று, அங்கிருந்தே இறக்கப்பட்டது. சுருளுக்கு இதே வரியைப் போட்டதும் கத்தரிக்கோல் வெளியே வந்தது. முப்பது பெயருள்ள சுருளை முழுதாக வாங்க ஒருவர் கிடைப்பதைவிட, தன் ஊர்ப்பெயர் உள்ள ஒரு கட்டத்தை வாங்க முப்பது பேர் கிடைப்பது எளிது. வெட்டி, கண்ணாடிச் சட்டமிட்டு, கூடத்தில் மாட்டினால் அழகாகவும் இருக்கிறது.

வெட்டியவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பல மீட்டர் துணியை எந்த வீட்டுச் சுவரும் தாங்காது. வாங்க ஆள் இல்லாத சுருள் குப்பைக்குப் போயிருக்கும். துண்டாகவாவது தப்பியது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்த வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. கயிறு அறுந்து ஏடுகள் சிதறிய ஓலைச்சுவடியில் ஒவ்வோர் ஏடும் பத்திரமாகவே இருக்கலாம், அப்போதும் நூல் இல்லை. ‘சிறப்பு வண்டி’ என்ற கட்டத்தையும் வெற்றுக் கட்டத்தையும் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதால் முதலில் தொலைவது அவைதான். அந்தச் சுருளில் எத்தனை கட்டங்கள் இருந்தன என்பதே பிறகு ஊகமாகிவிடுகிறது.

இன்னொரு பலவீனம் போலிகளைப் பற்றியது. சுருளின் தோற்றத்தை நகலெடுத்து வீட்டு அலங்காரத்துக்கென்றே புதிதாக அச்சிடும் தொழில் இன்று பரவலாக இருக்கிறது. பெயரை மட்டும் அடையாளமாகக் கொண்ட பட்டியலுக்கு அசலையும் நகலையும் பிரித்துச் சொல்ல வழி இல்லை.

செய்த வேலையே அடையாளம்

அருங்காட்சியகத் துறை இதற்கு நேர் எதிரான முனையிலிருந்து வந்தது. அமெரிக்கரான ராபர்ட் சென்ஹால் 1978-ல் வெளியிட்ட பெயரிடல் முறை, ஒரு பொருளை அது முதலில் செய்த வேலையைக் கொண்டு வகைப்படுத்தச் சொன்னது. 1983-ல் பிரிட்டனில் வந்த சமூக வரலாறு மற்றும் தொழில் வகைப்பாடு, பொருள்களைச் சமூக வாழ்க்கை, இல்வாழ்க்கை, தனிவாழ்க்கை, தொழில்வாழ்க்கை என்ற நான்கு பெரும் அறைகளில் அடுக்கியது. ஆயிரக்கணக்கான பொருள்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இவை பெரிய உதவி. சேகரிப்பாளரின் ஆசை குறுக்கிடாத பொதுமொழி ஒன்று கிடைத்தது.

புறநகர் ரயில் போர்டு மட்டும் இந்த அறைகளில் சங்கடமாக உட்காருகிறது. அது தகவல் சொல்லும் பொருளா, போக்குவரத்துக் கருவியின் உதிரியா? சுருளைத் திருப்பும் கார்டுக்கு அது தொழில்வாழ்க்கை. தினமும் ஒரே பெயரைப் பார்த்து ஏறிய குமாஸ்தாவுக்கு அது சமூக வாழ்க்கை. இரண்டு அறையிலும் போடலாம் என்பது எளிய விடை. அப்படிப் போட்டால் வகைப்பாடு செய்ததன் பயன் பாதி போய்விடுகிறது. அதைவிட முக்கியமாக, வேலையைக் கொண்டு வகைப்படுத்தினால் எல்லாச் சுருள்களும் ஒன்றேபோல் ஆகின்றன. ‘சேருமிடச் சுருள், துணி, 1’ என்ற பதிவு தவறே இல்லை. ஆனால் அதைத் தேடி எந்த ஆய்வாளரும் வரமாட்டார்.

வந்த வழியை விடாதே

மூன்றாவது நிலைப்பாட்டுக்கு வயது அதிகம். 1841-ல் பிரான்சின் உள்துறை அமைச்சகம், நத்தாலிஸ் த வாயி என்ற அறிஞரின் வழிகாட்டலில், ஆவணங்களைப் பொருள்வாரியாகக் கலைத்து அடுக்கக் கூடாது, அவற்றை உருவாக்கிய அலுவலகத்தின் தொகுப்பாகவே வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. ஆவணக் காப்பகங்களின் அடிப்படை விதியாக அது இன்றும் நிற்கிறது. போர்டுகளுக்கு இதைப் பொருத்துபவர்கள் சொல்வது இது: ஊர்ப்பெயரையும் வேலையையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், எந்தப் பணிமனை, எந்தப் பெட்டி, எந்த நாளில், யார் கையிலிருந்து வந்தது என்பதை முதலில் எழுது. அது ஒருமுறை தவறினால் மறுபடி கிடைக்காது.

இந்த நிலைப்பாட்டுக்குப் பிரிட்டனில் சட்டத்தின் துணையும் கிடைத்தது. ரயில்வே தனியார்மயமான காலத்தில், சொத்துகள் பல நிறுவனங்களுக்குச் சிதறும்போது வரலாற்று மதிப்புள்ளவை காணாமல் போகாமல் இருக்க, 1996-ல் ரயில்வே பாரம்பரியச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட பொருளையும் ஆவணத்தையும் காக்கத்தக்கவை என்று அறிவிக்கும் அதிகாரம் ஒரு குழுவுக்குத் தரப்பட்டது. 2013-ல் அந்தப் பொறுப்பு அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்துக்கு மாறியது. பொருளும் ஆவணமும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தது கவனிக்கத்தக்கது. சுருள் இரண்டுமாக இருக்கிறது என்பதைச் சட்டம் தன்னையறியாமல் ஒப்புக்கொண்டதுபோல் படுகிறது.

பலவீனம் எங்கே? வந்த வழியை வற்புறுத்துபவர்கள் போர்டுக்கும் பெட்டிக்கும் உள்ள உறவு நிலையானது என்று நம்புகிறார்கள். பணிமனையில் அப்படி நடப்பதில்லை. சுருள் தேய்ந்து கிழியும் பொருள்; கிழிந்ததைக் கழற்றி, கைக்குக் கிடைத்த மாற்றுச் சுருளை மாட்டுவார்கள். புதிய தடம் திறந்தால் சுருள் முழுவதையும் மாற்றாமல், புதிய பெயருள்ள துண்டை இடையில் ஒட்டியோ தைத்தோ சேர்ப்பார்கள். ஆகவே ஒரே சுருளில் பத்து ஆண்டு இடைவெளியில் அச்சான இரண்டு துணிகள் இருக்கலாம். கடைசியாக எந்தப் பெட்டியிலிருந்து கழற்றினார்கள் என்பது தெரிந்தாலும், அது கடைசிப் பெட்டி மட்டுமே. சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடபேதத்தையும் இடைச்செருகலையும் குறிப்பதுபோல ஒட்டுகளையும் குறிக்க வேண்டும். ‘மூலப்பெட்டி’ என்ற ஒன்றைத் தேடி அலைவதில் பலன் குறைவு.

பெட்டியே இல்லாமல் போன கதையும் உண்டு. நியூயார்க்கின் ‘ரெட்பேர்ட்’ என்ற செந்நிறப் பெட்டிகள் 2003 நவம்பரில் கடைசியாக ஓடின. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அட்லாண்டிக் கடலோரத்தில் மீன்கள் அடைய செயற்கைப் பாறைத்திட்டுகளாக மூழ்கடிக்கப்பட்டன. அப்படியொரு பெட்டியின் போர்டு யார் வீட்டுச் சுவரிலாவது இருந்தால், அது சொந்தம் கொண்டாடும் வண்டி கடலடியில் கிடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. போர்டு தன்னைப் பற்றித் தானே சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

சுருளே ஏடு: ஜப்பானிய வழி

போர்டு தன்னைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்பதைப் பொறுமையாகச் சோதித்தவர்கள் ஜப்பானிய ஆர்வலர்கள்தான். அங்கே 1987 ஏப்ரல் 1 அன்று தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானது. 1963 முதல் 1984 வரை 3,447 பெட்டிகள் கட்டப்பட்ட 103 வரிசை மின்வண்டி புதிய நிறுவனங்களிடையே பங்கானது. ஒரே மாதிரி வண்டி, ஆனால் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு பணிமனையிலும் வேறுவேறு சுருள். எதில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அங்கே ஒரு தனித்துறையாகவே வளர்ந்தது.

அவர்கள் முறையின் அலகு கட்டம். அதை அவர்கள் ‘கொமா’ என்கிறார்கள். கட்டங்களின் வரிசையை எண்ணிட்டு எழுதிய அட்டவணை ‘கொமாப் பட்டியல்’. இன்ன பணிமனை, இன்ன வரிசை வண்டி, முகப்பா பக்கமா, முதல் கட்டம் முதல் கடைசிக் கட்டம்வரை என்ன எழுதியிருக்கிறது என்று வெற்றுக் கட்டமும் விடாமல் எழுதுவார்கள். பணிமனைத் திறப்பு நாள்களில் ஊழியர்கள் சுருளைத் தொடக்கம் முதல் இறுதிவரை சுழற்றிக் காட்டுவதும் உண்டு. ‘திரை சுற்றல்’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதையும் வாங்காமல், எதையும் வெட்டாமல் நடக்கும் பட்டியலிடல் இது. சேகரிப்பு என்றால் உடைமையாக்குவது என்ற எண்ணத்துக்கு இது அமைதியான மறுப்பு.

சுருள் மோட்டாரால் ஓடத் தொடங்கிய பிறகு இன்னொரு சான்றும் சேர்ந்தது. எந்தக் கட்டம் வந்திருக்கிறது என்று எந்திரம் அறிய வேண்டும். அதற்காகத் துணியின் விளிம்பில் அல்லது பின்புறத்தில் குறிகள் இடப்பட்டன. பயணிக்குத் தெரியாத அந்தக் குறியே கட்டத்தின் வரிசையெண். ஊர்ப்பெயர் அழிந்தாலும் குறி இருந்தால் அது சுருளில் எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லிவிட முடியும்.

இந்த முறையின் குறை, அது உரையை முழுதாகப் பிடித்துப் பொருளை நழுவவிடுவது. துணியா பாலியெஸ்டரா, எழுத்து அச்சா கைவேலையா, ஒட்டு எங்கே இருக்கிறது, எந்தக் கட்டம் வெளுத்திருக்கிறது என்பவை கொமாப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. வெளுப்பு சாதாரண விஷயமன்று. பின்னால் விளக்கும் முன்னால் வெயிலும் படும் கட்டம் மற்றவற்றைவிட முன்னதாக நிறம் இழக்கும். அழுக்கும் அங்கேதான் அதிகம் சேரும். எந்த ஊர் தினமும் காட்டப்பட்டது, எது ஆண்டுக்கு ஒருமுறைகூட வரவில்லை என்பதற்குக் கால அட்டவணையைவிட நேரான சாட்சி இந்த அழுக்கு. நல்லெண்ணத்தோடு சுருளைத் துடைத்துச் சுத்தம் செய்பவர் இந்தச் சாட்சியைத்தான் முதலில் அழிக்கிறார்.

எழுத்தைக் கொண்டு காலம் கணிக்கலாமா?

சுருளில் இருப்பதை வைத்தே அதன் வயதைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை நியூயார்க் சேகரிப்பாளர்களிடம் வலுவாக உள்ளது. அதற்கான காரணமும் இருக்கிறது. அங்கே தடங்களுக்குப் பெயரிட்ட விதம் பலமுறை மாறியது. பிஎம்டி என்ற மற்றொரு ரயில் நிறுவனம் 1924-ல் தன் தடங்களுக்கு எண்ணிட்டது. ஐஆர்டி தடங்களுக்கு எண் வந்தது 1948-ல். 1967 நவம்பர் 26 அன்று கிறிஸ்டி தெரு இணைப்பு திறந்தபோது ஒவ்வொரு சேவைக்கும் ஒரு நிறம் தரப்பட்டது. 1979-ல் அது மாறி, மன்ஹாட்டனில் எந்த முதன்மைத் தடத்தில் ஓடுகிறதோ அதன் நிறமே சேவையின் நிறமானது. இளஞ்சிவப்பில் இருந்த ‘எஃப்’ ஆரஞ்சுக்கு மாறியது அப்போதுதான்.

ஆகவே இளஞ்சிவப்பு ‘எஃப்’ கண்டால் 1967-க்கும் 1979-க்கும் இடைப்பட்ட வடிவம் என்று சொல்லலாம். ‘9’ என்ற சேவை 1989 முதல் 2005 வரை ஓடியது. ‘வி’ 2001 டிசம்பரில் தொடங்கி 2010 ஜூனில் நின்றது. இவையெல்லாம் கல்வெட்டில் அரசர் பெயர் கண்டதுபோல் கைகொடுக்கும்.

கல்வெட்டு படித்தவர்களுக்குத் தெரிந்த ஆபத்துகளும் அதேபோல் இங்கே உண்டு. ஒரே பெயரில் இரண்டு அரசர்கள் இருப்பதுபோல, ‘கே’ என்ற எழுத்து 1970களில் ஒரு தடத்துக்கும், 1985 முதல் 1988 வரை முற்றிலும் வேறு தடத்துக்கும் இருந்தது. ‘டபிள்யூ’ 2001-ல் வந்து, 2010-ல் போய், 2016 நவம்பரில் திரும்பி வந்தது. ‘என்’ 1967-லும் மஞ்சள், 1979-க்குப் பின்னும் மஞ்சள். நிறம் எதையும் சொல்லாது. அதைவிடச் சிக்கல், பின்னால் தேவைப்படலாம் என்று ஓடாத சேவைகளின் எழுத்துகளையும் சுருளில் முன்கூட்டியே அச்சிட்டுவைக்கும் வழக்கம். ஒரு பெயர் சுருளில் இருப்பது அந்தச் சேவை ஓடியதற்குச் சான்றாகாது. திட்டமிட்டவர் மனத்தில் அது இருந்ததற்குச் சான்று. நின்றுபோன சேவையின் கட்டமும் சுருள் கிழியும்வரை உள்ளேயே சுருண்டு கிடக்கும்.

ஆகவே தனிக் கட்டத்தைக் கொண்டு காலம் சொல்வது பலவீனமான முறை. முழுச் சுருளில் எவை சேர்ந்து வருகின்றன, எது இல்லை என்று பார்த்துச் சொல்வது ஓரளவு பலமானது. வெட்டுவதால் நேரும் இழப்பு எவ்வளவு என்பதை இந்த இடம் மிகத் தெளிவாகக் காட்டுகிறது: துண்டு தன் காலத்தைச் சொல்லும் ஆற்றலையே இழந்துவிடுகிறது.

எழுத்துருவை வைத்துக் கணிப்போர் தனிப்பிரிவு. லண்டனுக்கு 1916-ல் எட்வர்ட் ஜான்ஸ்டன் வடித்த எழுத்தும், நியூயார்க்குக்கு மாஸிமோ விக்னெல்லியும் பாப் நோர்டாவும் சேர்ந்து 1970-ல் வெளியிட்ட வடிவமைப்புக் கையேடும் அவர்களின் வேதங்கள். ஆனால் நியூயார்க் சுரங்க ரயில் என்றாலே ஹெல்வெட்டிகா என்ற பரவலான எண்ணத்தைப் பால் ஷா என்ற எழுத்துரு வரலாற்றாளர் சோதித்துப் பார்த்து, தொடக்கத்தில் அங்கே பயன்பட்டது ஸ்டாண்டர்ட் என்ற வேறோர் எழுத்து என்றும், ஹெல்வெட்டிகா விதியாக ஏறியது 1989-ல்தான் என்றும் நிறுவினார். சுருளில் நிலைமை இன்னும் மோசம். பெட்டியின் ஜன்னல் அகலம் மாறாது, ஊர்ப்பெயர் நீளும். நீண்ட பெயரை நெருக்கி ஒடுக்கி எழுதுவார்கள். ஒடுங்கிய எழுத்தைப் பார்த்து எழுத்துருவின் பெயர் சொல்வது துணிச்சலான காரியம்.

மூன்று எழுத்துகளில் ஒரு பலகை

மேலே சொன்ன விவாதங்கள் எல்லாம் போர்டில் முதன்மையான எழுத்து ஒன்றே என்று வைத்துக்கொண்டு நடப்பவை. இந்தியப் புறநகர் ரயிலில் அது பொருந்தாது; அங்கே ஒரே பலகையில் ஊர்ப்பெயர் பல எழுத்துகளில் வரும். மும்பையில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே நாட்டின் முதல் மின்ரயில் ஓடியது. சென்னையில் கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதை 1931-ல் மின்மயமானது. மீட்டர் பாதை மின்வண்டிகள் 2004 ஜூலை 1 வரை ஓடின. முக்கால் நூற்றாண்டு ஓடிய அந்தத் தடத்தின் போர்டுகளை யாராவது பட்டியலிட அமர்ந்தால், நியூயார்க் விதி அவரைத் தவறான வழியில் இட்டுச்செல்லும்.

ஊர்ப்பெயர் மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். 1996-ல் மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது. ஆங்கில வரியில் இது பெரிய மாற்றம். அந்த வரியைக் கண்டால் பலகை முன்னதா பின்னதா என்று சொல்லிவிடலாம். தமிழ் வரி? தமிழில் நெடுங்காலமாக ‘சென்னை’தான். ஒரே பலகையில் ஓர் எழுத்து தன் காலத்தைச் சொல்கிறது, மற்றோர் எழுத்து வாய் திறக்க மறுக்கிறது. மும்பையின் முனையம் 1996-லும் 2017-லும் பெயர் மாறியது. பல எழுத்துகளில் எழுதிய பலகையில் எந்த வரி எப்போது திருத்தப்பட்டது என்று தனித்தனியே பார்க்க வேண்டும். ஆங்கில வரியை மட்டும் படியெடுத்து மற்றவற்றை ‘பிறமொழி வாசகம்’ என்று ஒதுக்கும் பதிவேடு இங்கே பொருளில் பாதியை இழக்கிறது. 2019-ல் சென்னை சென்ட்ரலுக்குச் சூட்டிய நீண்ட பெயரை எந்த வண்டியின் நெற்றியிலும் முழுதாக எழுத முடியாது. அங்கே எதைச் சுருக்கினார்கள், எப்படிச் சுருக்கினார்கள் என்பதுதான் நாளைய பட்டியலாளருக்கு வேண்டிய செய்தி.

தீர்ந்ததும் தீராததும்

நிலைப்பாடுகளை இவ்வாறு அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயத்தில் ஓரளவு துணிந்து சொல்லலாம். சுருள் கிடைக்கும் இடத்தில் சுருளே பதிவின் அலகாக இருக்க வேண்டும். கட்டங்கள் அதன் உட்பிரிவுகளாக, தங்கள் வரிசையெண்ணோடு வர வேண்டும். வந்த வழியும் செய்த வேலையும் அதோடு சேரும் தகவல்கள். தகட்டுக்கும் சபோவுக்கும் ஊர்ப்பெயர் முறை போதுமானது. இருபுறமும் உரிமைக்குறியும் பதிவாக வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. ஒட்டு, வெளுப்பு, அழுக்கு இவற்றைக் குறைகளாக ‘நிலை’ என்ற பத்தியில் தள்ளாமல், தகவலாகத் தனிப்பத்தியில் எழுதுவது நல்லது. எந்த மரபும் இதை முழுமையாகச் செய்வதாகத் தெரியவில்லை. ஜப்பானிய முறை அருகே வருகிறது.

தீராதவை இரண்டு. நியூயார்க்கின் ஆர்-32 பெட்டிகள் 1964-ல் சுருளோடு வந்தன. 1980களின் இறுதியில் நடந்த சீரமைப்புக்குப் பின் முகப்பில் புரளும் புள்ளிகளாலான மின்பலகையும் பக்கத்தில் பழைய சுருளுமாக ஓடின. 2000-க்குப் பிந்தைய பெட்டிகளில் எல்லாம் மின்னணுப் பலகைகள். இவற்றின் ஊர்வரிசை இருப்பது நினைவகத்தில் உள்ள ஒரு கோப்பில். பலகையைக் கழற்றி வைத்தால் கருப்புக் கண்ணாடிதான் மிஞ்சும். கோப்பைக் காப்பது அருங்காட்சியகத்தின் வேலையா, ஆவணக் காப்பகத்தின் வேலையா, யாருடைய அனுமதி வேண்டும் என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட விடை இன்னும் இல்லை. ஒருவேளை, 1841-ன் சுற்றறிக்கை துணிச்சுருளைவிட இந்தக் கோப்புக்கே அதிகம் பொருந்தக்கூடும்.

மற்றது, ஏற்கெனவே வெட்டிச் சிதறியவை. பல வீடுகளில் தொங்கும் கட்டங்களைப் படங்களாகவேனும் ஒன்றுசேர்த்து ஒரு சுருளை மீட்டெடுக்க முடியுமா? வெட்டு விளிம்பின் இழைகள் பொருந்தலாம். வெளுப்பின் அளவு உதவலாம். மோட்டார் சுருள் என்றால் ஓரத்துக் குறியே வரிசையைச் சொல்லிவிடும். ஆனால் அந்த ஓரத்தைத்தான் அழகுக்காகச் சட்டத்தின் அடியில் மடித்து மறைத்திருக்கிறார்கள். சட்டத்தைக் கழற்றிப் பார்க்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.